பல்லில் கடித்த நூல்

லுபிஸ் நறுக்க லெகினா கத்தியைத் தொடமாட்டாள். வாழையிலையில் உருளையாகச் சுற்றி அவித்த ஒட்டரிசிப் பண்டம் அது. கத்தி பட்டால் பிசின் மாதிரி கூடவே வரும். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொள்வாள், மறு முனை வலது கையில். பண்டத்தைச் சுற்றி ஒரு வளைப்பு, ஒரு இழுப்பு, வில்லை விழுந்துவிடும். மேலே தேங்காய்த் துருவல், பனைவெல்லப் பாகு. பல்லில் கடித்த முனை பண்டத்தில் படாது, முகம் சுளிக்க வேண்டாம். மகெலாங் நகரத்து மைதானத்தில், தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்தின் கீழே, நாற்பது வருடமாக இப்படித்தான் நறுக்குகிறாள். ஒரு வில்லை பெரிசு, ஒரு வில்லை சிறிசு என்று இதுவரை ஒருவரும் வாய் திறந்ததில்லை.

இப்போது அவளுக்கு எழுபது வயது. லெகி என்கிற சந்தை நாளில் பிறந்ததால் லெகினா. லெகி என்றால் இனிப்பு என்றும் அர்த்தம் உண்டு. பெயரைக் காப்பாற்றத்தான் இனிப்பு விற்க வந்தாயா என்று வாடிக்கைக்காரர்கள் கேலி செய்வார்கள், அவளும் ஆமாம் என்பாள். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. கூடை முடைகிறவரைக் கட்டிக்கொண்டு மூன்று பிள்ளைகளைக் கரையேற்றினாள். இவ்வளவுதான் அவள் கதை என்றால் நான் ஏன் மெனக்கெட்டு எழுதப் போகிறேன்? அவள் படம் போடுகிறவள். பதினேழு வருடமாகத் தினமும் ஒன்று.

ஆரம்பித்தது அவசரத்தில். எழுத்து அவளுக்கு மெதுவாகத்தான் வரும். கல்யாணம், சுன்னத்து என்று யாராவது லுபிஸும், மரவள்ளியை இடித்துச் செய்யும் கெத்துக் என்ற பண்டமும் தட்டுத் தட்டாகச் சொல்லிவிட்டுப் போனால், பழைய அட்டையில் கிறுக்கி வைப்பாள். தொப்பி வைத்த தலை ஒன்று, பக்கத்தில் மூன்று தட்டு; மீசை ஒன்று, பக்கத்தில் ஐந்து தட்டு. அப்படி ஒரு நாள் கண்ணாடி போட்ட முள்ளங்கி ஒன்றைப் போட்டு இரண்டு தட்டு போட்டிருந்தாள். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடும் இபு வுர்யானி அதைப் பார்த்துவிட்டார். இந்த ஊரில் இபு என்றால் அம்மா. அரசாங்கத்து அம்மா என்றால் மரியாதை இரண்டு படி அதிகம். இது யார் என்று கேட்டார். நீங்கள்தான் என்று லெகினா உண்மையைச் சொன்னாள். வுர்யானி கோபிக்கவில்லை. அட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"கண்ணாடி காதுல நிக்கல, யு. காத்துல தொங்குது."

யு என்றால் அக்கா. லெகினா அவரைவிட நான்கு வயது இளையவள்தான், ஆனால் தெருவில் விற்கிற பெண்பிள்ளை எவளானாலும் இங்கே அக்காதான். மறுநாள் வுர்யானி இரண்டு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். வியாபாரம் முடிந்ததும் அரை மணி நேரம் ஆளுக்கு ஒரு படம். ரப்பர் கிடையாது. முடித்ததும் புத்தகத்தை மாற்றிக்கொள்ள வேண்டும், பிழை இல்லையென்றால் ஓரத்தில் பராஃப் போட வேண்டும். பராஃப் என்பது அலுவலகத்தில் போடுவார்களே, அந்தச் சின்னக் கையெழுத்து. அது விழாத படம் அவர் அலுவலகத்தில் வாசல் தாண்டாது, மைதானத்திலும் அப்படியே என்று வுர்யானி சட்டம் போட்டார்.

லெகினாவின் பராஃப் ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி. வுர்யானியின் படத்தைப் பார்க்காமலேயே போட்டுவிடுவாள். பார்த்து என்ன ஆகப்போகிறது? அந்த அம்மாள் அடிக்கோல் இல்லாமல் கோடு இழுத்தால் அடிக்கோலே வெட்கப்படும். தண்ணீர்க் கோபுரத்துக்கு முப்பத்துச் சொச்சம் தூண்கள். அத்தனையையும் ஒரே மூச்சில் இறக்குவார். ஒன்றாவது சாய வேண்டுமே, சாயாது.

லெகினாவின் படத்துக்கோ பராஃப் விழவே இல்லை. புருஷன் முடைந்த கூடையைத்தான் தினமும் போட்டாள். வுர்யானி தினமும் பார்த்துவிட்டு, "துருங், யு. நாளைக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். துருங் என்றால் இன்னும் இல்லை. இந்த ஊர்க்காரர்களுக்கு இல்லை என்ற சொல் சுலபத்தில் வாயில் வராது. எழுபது வயதுப் பிரம்மச்சாரியிடம் கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டால்கூடத் துருங் என்றுதான் பதில் வரும். நாற்பதாவது நாள் லெகினா புத்தகத்தை அடுப்பில் போடப் போனாள். அறுபதாவது நாள், இந்தப் பொம்பளை என்ன பெரிய இவளா என்று புருஷனிடம் பொருமினாள். எண்பத்து நான்காவது நாள் பராஃப் விழுந்தது. அன்று வந்தவர்களுக்கெல்லாம் லுபிஸ் இலவசம். வீட்டில் புருஷன் படத்தைப் பார்த்துவிட்டு, பிடி கொஞ்சம் தளர்ந்திருக்கும் அந்தக் கூடை நம்முடையதுதான் என்றார். அதைவிடப் பெரிய பட்டம் வேறென்ன வேண்டும்?

நான்கு வருடம் கழித்துப் பாக் குனாடி வந்து சேர்ந்தார். பாக் என்றால் ஐயா. ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். மனிதர் வரைவதெல்லாம் கால்கள்தான். நெரிசலில் முகம் எங்கே தெரியும், எவன் இறங்கப் போகிறான் என்று கால்தான் சொல்லும் என்பார். மூவரானதும் புத்தகங்கள் இடப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தன. வுர்யானியின் புத்தகம் லெகினாவிடம் வரும், லெகினாவினுடையது குனாடியிடம், குனாடியின் கால்கள் வுர்யானியிடம்.

வயது போனது புத்தகங்களில் தெரியும். முதலில் மைதானத்தைச் சுற்றி நின்றபடி வரைந்தார்கள், பிறகு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தபடி. மெல்லிய பென்சில் போய்த் தடித்த பென்சில் வந்தது. குனாடியின் பக்கங்களில் சப்பாத்து போய்ச் செருப்பு வந்தது, பிறகு அவருடைய வீங்கின கணுக்காலே வந்தது. லெகினாவின் புருஷன் போய்ச் சேர்ந்த எட்டாம் நாள் அவள் மைதானத்துக்கு வந்து, கூடை மாட்டும் வெறும் ஆணியை வரைந்தாள். அன்று குனாடி புத்தகத்தை வுர்யானிக்கும் நீட்டினார். இருவரும் பராஃப் போட்டார்கள். அழாமல் இருந்தவள் அந்த இரண்டு பராஃபைப் பார்த்துத்தான் அழுதாள்.

இந்த வருடம் நோன்புப் பெருநாள் முடிந்த வாரம், வுர்யானியின் கோபுரத்தில் ஒரு தூண் வளைந்திருந்தது. லெகினா வட்டம் போட்டுப் புள்ளி வைத்த பிறகுதான் பார்த்தாள். கை தவறியிருக்கும் என்று விட்டுவிட்டாள். மறுநாள் மூன்று தூண்கள் வளைந்திருந்தன. அதற்கு அடுத்த வாரம் கோபுரமே வெயிலில் வைத்த மெழுகுவர்த்தி மாதிரி நடுவில் நெளிந்தது. வுர்யானி அதைத் தள்ளிப் பிடித்துப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டி, அவளிடம் நீட்டினார்.

சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். சொல்வது உங்களுக்குச் சுலபம். இது முகதாட்சண்யத்துக்குக் கோயில் கட்டின ஊர். வரைபடம் போட்டே முப்பத்தைந்து வருடம் சம்பளம் வாங்கிய அம்மாளிடம், லுபிஸ் விற்கிறவள் போய் உங்கள் கோடு கோணல் என்றா சொல்வாள்? வட்டம் போட்டாள், புள்ளி வைத்தாள். மறுநாளும் போட்டாள். பராஃப் போட்ட கை வீட்டுக்குப் போன பிறகும் உறுத்திக்கொண்டே இருந்தது.

ஜூலையில் ஒரு நாள் கெத்துக் தின்ன வந்த கொத்தனார் ஒருவர் புலம்பினார். வுர்யானி வீட்டு முன்வாசலுக்கு ஓடு பதித்தாராம். வரிசை கோணல் என்று அம்மாள் பெயர்க்கச் சொன்னார்களாம். பெயர்த்துப் பதித்தாராம். மறுபடியும் கோணல் என்றார்களாம், மறுபடியும் சரிங்க இபு என்று பெயர்த்தாராம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நாம் சொல்வோம். இங்கேயோ ஆடுகிறவள் ஊரிலேயே பெரிய ஆட்டக்காரி, அதனால் கூடத்தையே இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நான் நூல் புடிச்சுப் போட்டேன், யு" என்றார் கொத்தனார். "நூலு பொய் சொல்லுமா?"

லெகினாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த அம்மாளின் கையில் கோளாறு இல்லை. கண்ணில்தான் ஏதோ. நேர்க்கோடு அவருக்கு வளைந்து தெரிகிறது, வளைந்த கோடு நேராகத் தெரிகிறது. இத்தனை நாளும் அவள் பராஃப் போட்டு அதற்குச் சாட்சி சொல்லியிருக்கிறாள்.

அந்த வாரமே இன்னொன்றும் வந்து சேர்ந்தது. ஆகஸ்ட் பதினேழு சுதந்திர நாளுக்குத் தெருமுனைச் சுவரில் குடியிருப்பின் வரைபடம் வேண்டும், இபு வுர்யானி கரிக்கட்டையால் வரைந்து கொடுத்தால் போதும், வண்ணத்தை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று தெருத் தலைவர் கேட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடித் துப்புரவு வேலை செய்யும்போது எல்லார் முன்னாலும் வரைவதாக வுர்யானியும் ஒப்புக்கொண்டார். ஆறு மீட்டர் சுவர். அடிக்கோல் தேவையில்லை என்று பெருமையாக வேறு சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாளின் மானம் போகும். அதற்கு முன்னால் யாராவது சொல்ல வேண்டும். லெகினா குனாடியிடம் போனாள். அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்குத் தெரியாமல் இருக்குமா?

"அவங்க புத்தகம் ஒங்கிட்டதானே வருது, யு? நீயே சொல்லு" என்றார் குனாடி. "எம் புத்தகம் அவங்ககிட்ட போகுது. எனக்கு வேணாம்மா வம்பு."

"நல்லா கால் வரைஞ்சீங்க, பாக் குன். முதுகெலும்பு ஒண்ணு வரையக் கத்துக்குங்க."

வியாழக்கிழமை காலை வியாபாரம் முடிந்து மூவரும் உட்கார்ந்தார்கள். வுர்யானி கோபுரத்தை வரைந்து நீட்டினார். லெகினா வாங்கிப் பார்த்தாள். பதினேழு வருடத்தில் முதல் தடவையாகத் தூண் தூணாகப் பார்த்தாள். பிறகு பராஃப் போடாமல் புத்தகத்தை அவர் மடியில் வைத்தாள்.

"துருங், இபு."

குனாடி தன் கால்விரல்களைக் குனிந்து பார்த்துக்கொண்டார். வுர்யானி முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. என்ன பிழை, எந்தத் தூண், காட்டு என்றார். லெகினா காட்டினாள். வுர்யானி பார்த்தார். நேராகத்தான் இருக்கிறது, உன் கண்ணைப் போய்க் காட்டு என்றார். ஊரில் கொத்தனாருக்கு ஓடு பதிக்கத் தெரியவில்லை, மின்கம்பம் நடத் தெரியவில்லை, இப்போது கெத்துக் விற்கிறவள் தனக்குக் கோடு சொல்லித் தருகிறாளாம் என்று குரல் உயர்ந்தது. அந்த அம்மாள் இப்படிப் பேசி லெகினா கேட்டதில்லை.  அவள் கை பழக்கத்தில் கூடைக்குள் போய் நூலை எடுத்தது.

ஒரு முனையைப் பல்லில் கடித்தாள். மறு முனையை வலது கையில் சுற்றி, அவர் முகத்துக்கு நேரே விறைப்பாகப் பிடித்தாள்.

"தொய்யுது" என்றார் வுர்யானி. "நல்லா இழு."

லெகினா இழுத்தாள்.

"இன்னும் தொய்யுது. நடுவுல வளைஞ்சிருக்கு. இழு யு."

நூல் விரலில் பதிந்தது. அவள் கடைவாய்க்குத் தள்ளிக் கடித்து இன்னும் இழுத்தாள். நூல் அதிர்ந்தது. விரல் அறுபட்டு ரத்தத் துளி எட்டிப் பார்த்தது. அவள் விடவில்லை, பேசவும் முடியவில்லை. பேச வேண்டியதும் இல்லை.

வுர்யானி இழு என்று மறுபடி சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். முப்பத்தைந்து வருடம் நிலத்தில் கயிறு கட்டி அளந்த படங்களோடு வாழ்ந்தவர். விறைத்த நூல் வளையாது என்று அவருக்கு யார் சொல்ல வேண்டும்? மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். வலது கண்ணைக் கையால் மூடினார். நூலைப் பார்த்தார். பிறகு இடது கண்ணை மூடிப் பார்த்தார். வலது கண்ணுக்கு மட்டும்தான் நூல் வளைந்தது.

"விடு யு" என்றார். "கைய அறுத்துடுச்சு பாரு."

வெள்ளிக்கிழமை லெகினாவின் கடை திறக்கவில்லை. புருஷனின் சாவுக்குப் பிறகு முதல் தடவை. குனாடியின் மருமகன் வண்டியில் மூவரும் யோக்யா நகரத்துக் கண்ணாஸ்பத்திரிக்குப் போனார்கள். வலது கண்ணுக்குள்ளே, பார்வையின் நடுப்புள்ளியில், ரத்தக்குழாய் கசிகிறது என்றார் டாக்டர். சிறுவயசுப் பெண் அவர், பேச்சில் சுற்றி வளைப்பு இல்லை. கண்ணுக்குள் ஊசி போட வேண்டும், மாதம் ஒன்று, முதலில் மூன்று, பிறகு பார்க்கலாம். இன்னும் இரண்டு மாதம் விட்டிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது. முன்னாலேயே வந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். வுர்யானி லெகினாவைக் காட்டி, இவள்தான், இவள் கண் கழுகுக் கண் என்றார். அந்தப் பாராட்டு லெகினாவைக் குத்திக் கிழித்தது.

ஊசி போட்டு, கண்ணில் மூடி வைத்து, திரும்பி வரும் வழியில் அவளால் அடக்க முடியவில்லை.

"இபு, எனக்கு நோன்புப் பெருநாள்லேர்ந்தே தெரியும். பொய்யாத்தான் பராஃப் போட்டுக்கிட்டு இருந்தேன். ஒங்க மனசு நோகுமேன்னு."

 வண்டி மகெலாங் வந்து சேரும்வரை வுர்யானி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். முன்சீட்டில் குனாடி மூச்சுவிடுகிறாரா இல்லையா என்று தெரியவில்லை. லெகினா மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டாள்: பதினேழு வருடம், அவ்வளவுதான், இத்தோடு முடிந்தது. முடிந்தாலும் பரவாயில்லை, கண் தப்பியது போதும் என்று தோன்றியபோது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

வீட்டு வாசலில் இறங்கியதும் வுர்யானி, உள்ளே வா என்றார். அந்த நான்கு மாதப் புத்தகத்தை மேசையில் போட்டார். பேனாவை நீட்டினார்.

"தப்பா பராஃப் போட்டா எங்க ஆபீஸ்ல என்ன செய்வோம் தெரியுமா? கிழிக்க மாட்டோம். குறுக்க ஒரு கோடு போட்டு, பக்கத்துல சரியானதை எழுதி, திரும்ப பராஃப் போடணும். போடு. ஒண்ணு விடாம."

நூற்றாறு பக்கம் இருந்தது. லெகினா உட்கார்ந்தாள். வட்டத்துக்குக் குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் துருங் என்று எழுத்துக் கூட்டி எழுதினாள், அடியில் ஒரு வட்டம், ஒரு புள்ளி. மெதுவாக எழுதுகிற கை, ஆறாத விரல் வேறு. வுர்யானி எதிரே ஒற்றைக் கண்ணோடு உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக் கொடுத்தார். ஐம்பதாவது பக்கத்தில் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார். எழுபதாவது பக்கத்தில், "ஒனக்கு என் மேல அவ்வளவு பயமா, யு?" என்று கேட்டார்.

"பயமில்ல, இபு. எனக்கு பராஃப் கெடச்ச அன்னைக்கு நான் பட்ட சந்தோஷம் எனக்குத் தெரியும். அதை ஒங்ககிட்டேர்ந்து எப்படிப் புடுங்கறது?"

வுர்யானி கண்மேலிருந்த மூடியைச் சரிசெய்துகொண்டார். மற்ற கண்ணையும் துடைத்துக்கொண்டார். பக்கத்தைத் திருப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை தெருமுனையில் கூட்டம் கூடியது. வுர்யானி வரமாட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். வந்தார். கண்ணில் மூடியோடு, நல்ல பத்திக் துணி உடுத்திக்கொண்டு வந்தார். கரிக்கட்டையை லெகினாவிடம் கொடுத்து நூலில் தேய்க்கச் சொன்னார். குனாடி சுவரில் ஒரு முனையைப் பிடித்தார், லெகினா மறு முனையை. ஒரு தெருவையும் பார்க்காமல், எந்த வீட்டுக்கு எந்த வீடு எத்தனை மீட்டர், கிணற்றிலிருந்து மசூதிப்படி எத்தனை மீட்டர் என்று வுர்யானி நினைவிலிருந்தே சொல்லச் சொல்ல, லெகினா நூலை இழுத்து விட்டாள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கறுப்புக் கோடு சுவரில் விழுந்தது. லுபிஸ் நறுக்குகிற நூலா அது என்று ஒருத்தி சிரித்தாள். ஆமாம், பெரிய லுபிஸ் இது என்றாள் லெகினா. சுவரின் ஓரத்தில் இடம் மிஞ்சியது. குனாடி அனுமதி கேட்காமல் மூன்று ஜோடிக் கால்களை வரைந்துவிட்டார்.

மூன்று ஊசி முடிந்தது. வுர்யானியின் வலது கண்ணில் இன்னும் நடுவில் ஒரு நெளிவு இருக்கிறது. இடது கண்ணை நம்பி வரையப் பழகிக்கொண்டிருக்கிறார். மைதானத்தில் மறுபடி உட்கார ஆரம்பித்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. நேற்று ஒரு கோபுரம் வரைந்தார். முன்னைக்கு எவ்வளவோ தேவலை. இரண்டே தூண்தான் லேசாக, மிக லேசாக, இடுப்பை ஒடித்திருந்தது. வேறு யார் கண்ணிலும் படாது. லெகினா புத்தகத்தை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வுர்யானி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"துருங், இபு. நாளைக்கு."

"ரெண்டு தூணுக்காகவா?"

"என்னை எண்பத்து மூணு நாள் இழுத்தடிச்சீங்க. ஒங்களுக்கு இன்னைக்கு ஒன்பதாவது நாள்தான் ஆகுது."

வுர்யானி விழுந்து விழுந்து சிரித்தார். புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு, அப்படியானால் தனக்கு இன்னும் எழுபத்து நான்கு நாள் இருக்கிறது என்று குனாடியிடம் சொன்னார். பிறகு இரண்டு வில்லை லுபிஸ் கேட்டார். லெகினா நூலைப் பல்லில் கடித்தாள்.